தாடிப்பூ நாற்று

இராஜபாளையம்

அன்பு மகள் ஹஸீனாவுக்கு அம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் எடின்பரோ குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனை எடுத்தாலே உன் அத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், சில விஷயம் பேச முடிவதில்லை.

உன் கொழுந்தன் நிஜாமிடம் நீ கொடுத்தனுப்பிய ஐரிஸ் பூ விதை முளைத்தது உனக்குத் தெரியும், அதற்குள் நான் பட்ட பாடு தெரியாது. குளிர்பட்டால்தான் முளைக்கும் என்று நீ சொன்னபடி ஈரத்துணியில் சுற்றி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஃப்ரிஜ்ஜில் வைத்திருந்தேனா, பக்ரீத் வந்துவிட்டது. குர்பானிக் கறியைப் பங்கு போட்டு அடுக்கியதும் அதே மாதிரி டப்பாக்களில்தான். உன் அத்தா செட்டியார்பட்டியில் உன் ஃபரீதா மாமி வீட்டுக்கு எடுத்துப்போன கறியோடு விதையும் போய்விட்டது. நான் இங்கே ஃப்ரிஜ்ஜைக் கவிழ்க்காத குறையாகத் தேடி அழுதேவிட்டேன். சாயங்காலம் போன் போட்டால் மாமி சாவகாசமாகச் சொல்கிறாள், "மொளகு கணக்கா துணியில சுத்தியிருந்துச்சு மதினி, தர்காவுல ஓதிக் குடுத்ததுன்னு நெனச்சேன், ஈரமா இருக்கே கெட்டுப்போகுமேன்னு ஃப்ரிஜ்ஜுல மேல்தட்டுல வச்சிருக்கேன்" என்று. நல்ல வேளை, தண்ணீரில் போட்டுக் குடிக்காமல் விட்டாள்.

ஐப்பசி மழையில் தொட்டியில் போட்டோம், இப்போது நாற்று ஒரு சாண் வந்திருக்கிறது. பூ இதழில் தாடி இருக்கும் என்று நீ சொன்னதிலிருந்து உன் அத்தாவுக்கு அது தாடிப்பூ. விடியலில் பஜ்ர் தொழுதுவிட்டு வந்ததும் முதல் வேலை தொட்டியைப் பார்ப்பதுதான். பாசத்தில் தண்ணீரை ஊற்றி ஊற்றி இரண்டு நாற்றை அழுகவைத்துவிட்டார், இப்போது செம்பை ஒளித்துவைக்கிறேன். நம் துணிக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "பூ பூத்ததும் எம் மக வாரா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நீதானே சொன்னாய், இரண்டு மூன்று வருஷத்தில் பூக்கும், அப்போது வந்து பார்க்கிறேன் என்று. நீ பேச்சுக்குச் சொன்னாயோ என்னவோ, அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்சரி வைத்திருக்கும் சோலைராஜிடம் ஒரு நாற்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். "எல நல்லா வரும் தாயி, ஆனா இது பூக்கணும்னா மாசக்கணக்குல குளிரு வேணும், நம்மூரு வெக்கைக்குப் பூக்காது" என்றுவிட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசே சரியில்லை. உன் அத்தாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவர் தினமும் இலையைத் தடவிப் பார்க்கிறதைக் கண்டால் எப்படிச் சொல்ல வாய் வரும்? அதனால் உன்னிடம் சொல்கிறேன். நீ வந்து நாலு வருஷமாகிறது ஹஸீனா. வேலை, விசா, வீட்டு லோன் எல்லாம் எனக்குப் புரிகிறது, இருந்தாலும் எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். இந்தச் செடி பூக்காது. பூவுக்குக் காத்திராமல் வா. நீ வாசலில் வந்து நின்றால் உன் அத்தா பூ எங்கே என்று கேட்கப்போவதில்லை.

மாப்பிள்ளைக்கு ஸலாம் சொல். காதை மூடாமல் பனியில் போகாதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தரட்டும். இப்படி ஒரு கடிதம் வந்ததாகப் போனில் மூச்சுவிடாதே, டிக்கெட் போட்டதும் அதை மட்டும் அவரிடம் நீயே சொல்.

துஆவுடன்,
உன் அம்மா
ஹபீபுன்னிசா