தண்ணீருக்கு மேலே ஒரு கால்விரல்

எஃப்ரெய்ம், யூட்டா
மே 18, ஞாயிறு

அன்புள்ள லோரின் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அடிலெய்டில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். கிறிஸ்துமஸ் அட்டையைத் தவிர எதுவும் எழுதாதவள் பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றுமில்லை. வீடு தூங்கிவிட்டது. எனக்குத்தான் உன்னிடம் சொல்லாமல் தூக்கம் வராது போலிருக்கிறது. பத்தாம் தேதி சனிக்கிழமை, சாட்சியாக நின்ற இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன்.

எம்மலினுக்கு எட்டு வயது ஆகிவிட்டது. அன்றுதான் அவள் ஞானஸ்நானம். தண்ணீர் என்றால் அவளுக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியாது. மூன்று மாதமாகக் குளியல் தொட்டியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தோம். "கடவுளே, என்னைச் சீக்கிரம் மேல தூக்க அப்பாவுக்குக் கை வலு குடுங்க" என்பதுதான் தினமும் அவள் ஜெபம். கேட்டுக்கொண்டிருந்த ஹீபருக்கு ரோஷம் வந்துவிட்டது.

சபை நிரம்பியிருந்தது. சாட்சிகள் இரண்டு பேர், மாமனாரும் நானும். மாமனார் வெர்லின் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. "எனக்கு இப்ப பேத்தியும் ஒண்ணுதான், பண்ணை வான்கோழியும் ஒண்ணுதான். நீயே நல்லா பாத்துக்கம்மா" என்று காதோடு சொன்னார். தொட்டிக்குள் அவளோடு நின்ற ஹீபர் ஜெபம் சொல்லி அவளைத் தண்ணீரில் சாய்த்தார். வெள்ளை உடுப்புக்குள் காற்று புகுந்து கால் மேலே வந்தது. வலது கட்டைவிரல் தண்ணீருக்கு வெளியே நின்றது. நான் பார்த்தேன், அக்கா. ஒரு முடி வெளியே தெரிந்தாலும் மறுபடி முக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா?

அவள் எழுந்து இருமினாள், நடுங்கினாள், பிறகு சிரித்தாள். ஹீபர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். மாமனார் என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை அந்த முகம் தண்ணீருக்குள் போவதை என்னால் நினைக்க முடியவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். அவரும் ஆட்டினார். அப்புறம் தலையில் கைவைத்து ஆசீர்வாதம், பாட்டு, கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி, எல்லாம் ஆயிற்று.

ராத்திரி ஹீபரிடம் சொன்னேன். "கடவுள் என்ன கால்விரலையா எண்ணிட்டிருக்காரு? பேசாம தூங்கு" என்றார். எனக்கும் அப்படி நினைக்கத்தான் ஆசை. கடவுள் விரலை எண்ணமாட்டார்தான். ஆனால் பார்த்ததைச் சொல்லத்தானே என்னை அங்கே நிறுத்தினார்கள்? சட்டம் பெரியதா, பிள்ளையின் பயம் பெரியதா என்று ஞாயிறு முழுக்க மனசுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன்.

திங்கள்கிழமை, வீட்டிலேயே ஜெபமும் பாடமுமாக எல்லோரும் உட்காரும் குடும்ப மாலை. பாடம் எடுக்கும் முறை எம்மலினுடையது. பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அம்மா, தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சு. ஆனா என் ஒரு கால் மட்டும் குளிர்ந்துச்சு. வெளிய வந்தாதானே குளிரும்?" என்று கேட்டாள். ஹீபர் கூரையைப் பார்த்தார். அவள் விடவில்லை. "நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன்.

"அப்ப ஏன் சொல்லல?"

நீ பயந்துவிடுவாய் என்றுதான், என்றேன்.

"பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நான் போயிருப்பேனே" என்றாள். கோபமாகக்கூட இல்லை, அக்கா. என்னை நம்பாமல் விட்டுவிட்டீர்களே என்பது போல ஒரு பார்வை. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு, ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் டயர் கடை நடத்தும் எங்கள் பிஷப் ஓல்டுராய்டைத் தேடி அவருடைய கடைக்கே போனேன். ஒரு லாரிக்கு அடியிலிருந்து நகர்ந்து வந்து, படுத்தபடியே முழுக்கக் கேட்டார். "நூறு சாண்ட்விச் காலியான அப்புறமா சொல்றீங்க, சிஸ்டர்?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு எம்மலினிடம், "சனிக்கிழமை தொட்டியை ரொப்பிடறேன். ஆசீர்வாதத்தையும் மறுபடி செஞ்சுடுவோம். உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். அவளிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை.

நேற்று நாங்கள் ஐந்தாறு பேர்தான். ஜெல்லி இல்லை. இந்தத் தடவை கால் உள்ளே போயிற்று, பின்னல் மிதந்தது. "முடி வெளிய இருக்கு!" என்று கத்தினேன். ஹீபர் இடுப்பளவு தண்ணீரில் நின்று முறைத்தார். "மருமகளே, கண்ணுன்னா இதுதான் கண்ணு. போன வாரம் எங்க வெச்சிருந்த?" என்றார் மாமனார். எம்மலின் முகத்தை வழித்துவிட்டு, பின்னலை உடுப்புக்குள் செருகி, தானே மூக்கைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது முறை எதுவும் மேலே இல்லை. ஒரு கணம் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. நான் தலையாட்டவில்லை, வாயைத் திறந்து "சரியா இருக்கு" என்றேன். மேலே வந்தவள் கேட்டது என்ன தெரியுமா? "இன்னொரு தடவை போகட்டுமா?" பிஷப்பே சிரித்துவிட்டார்.

மனசு நிறைந்திருக்கிறது, அக்கா. அந்த நிறைவில்தான் உன் ஞாபகம் வந்தது.

என் கல்யாணத்துக்கு முன்னால் பிஷப் உன்னிடம் கேள்விகள் கேட்டபோது, நம்புகிறேன் என்று உன்னால் சொல்ல முடியவில்லை. ஆலயத்துக்குள் வர உனக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. "ஒரு நாளைக்கு ஆமான்னு சொல்லித் தொலையேன், எனக்காக" என்று நான் கத்தினேன். நீ சொல்லவில்லை. உள்ளே எனக்குக் கல்யாணம் நடந்தபோது, எங்கள் எல்லோருடைய கோட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியே புல்தரையில் உட்கார்ந்திருந்தாய். வெளியே வந்து எல்லோருடனும் படம் எடுத்துக்கொண்டேன். உன்னைக் கூப்பிடவில்லை. நீ என்னை அவமானப்படுத்திவிட்டாய் என்று பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் இன்னும் நம்புகிறேன். நீயும் நம்ப வேண்டும் என்று இதை எழுதவில்லை. ஜூலையில் பள்ளி விடுமுறை. வந்து ஒரு வாரம் இரு. சபைக்கு வா என்று யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். எம்மலினோடு ஆற்றங்கரைக்குப் போ, இப்போது அவளைத் தண்ணீரிலிருந்து பிடித்து இழுத்தால்தான் வருகிறாள். உனக்குக் காபி வேண்டும் என்று தெரியும். எந்தக் காபி என்று எழுது, எங்கள் சபையில் காபி குடிப்பதில்லையே, எனக்கு வாங்கிப் பழக்கமில்லை. வாசலில் வேண்டாம், உள்ளே மேசையில் எங்களோடு உட்கார்ந்தே குடிக்கலாம்.

கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். பதில் போடு, அக்கா. ஒரு வரியானாலும் போதும், திட்டியிருந்தாலும் சரி.

உன் தங்கை,
டெஸா