வெள்ளறடைக்கு டிக்கெட், பனச்சமூட்டில் இறக்கம்

அப்பா, இன்று சாயங்காலம் எடுத்த பஸ் டிக்கெட் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. கசக்கி எறிய மனசு வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்து ஊர்களுக்குப் பேர் வைத்தவர்களை என்ன சொல்ல! பாறசாலை, பனச்சமூடு, பெருங்கடவிளை என்று நாம் போகிற இடமெல்லாம் 'ப'வில் தொடங்கும். உங்கள் வாய் திக்கி நிற்கிற எழுத்தும் அதுதான். பாறசாலையில் கொத்தனார் வேலை முடிந்ததும் என்னையும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவீர்கள். இறங்க வேண்டியது பனச்சமூட்டில். ஆனால் அதைத் தாண்டியிருக்கும் வெள்ளறடைக்கு டிக்கெட் எடுப்பீர்கள். அந்தப் பேர் உங்களுக்குத் தடையில்லாமல் வரும். எல்லார் வீட்டிலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஒருநாள் என்ன தோன்றியதோ, 'பனச்சமூடு' என்றே சொல்லத் தொடங்கினீர்கள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கண்டக்டர் சிரித்தார். பின்சீட்டிலும் சிரிப்பு. எனக்கு வந்ததே கோபம்! உங்களை முந்திக்கொண்டு நானே கத்திச் சொல்லிவிட்டேன். உங்களைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு இறங்கினேன். சந்தை முக்கில் நின்று, கோபமே இல்லாமல் சொன்னீர்கள்: "மக்கா, எனக்கும் வாய் உண்டு. கொஞ்சம் பொறுத்தா வரும், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு பஸ்ஸில் அந்தப் பேரை நீங்கள் முயலவேயில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

என் குணம் அந்தச் சந்தை முக்கில்தான் உருவானது. ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் கவுண்டரில் உட்கார்கிறேன். வந்தவர் தன் பேரையும் நோவையும் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசுவதில்லை. "உனக்க வரிசை ஆமை வரிசையாக்கும்" என்று பக்கத்துக் கவுண்டர்க்காரி கேலி செய்வாள். செய்யட்டும். வாய் திறக்கத் தயங்குகிறவர்கள் என் வரிசையைத் தேடித்தான் வருகிறார்கள்.

நீங்கள் பார்க்காமலே போன பேத்திக்கு உங்கள் நாக்கு வாய்த்திருக்கிறது. அவளுக்காக நீயே பேசிவிடு என்று சொந்தக்காரர்கள் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே முதல் நாளே சொன்னது, பிள்ளை சொல்லி முடிக்கட்டும், முந்தாதீர்கள் என்று. நான் ஆச்சரியப்படவில்லை.

இன்று பஸ்ஸில் கண்டக்டர் "எங்கே?" என்று கேட்டதும் அவளே தலை நிமிர்ந்தாள். முதல் எழுத்தில் நின்றது. பின்னாலிருந்த ஒருவர் ஊர்ப் பேரை எடுத்துக்கொடுக்க வாயெடுத்தார். "அவ சொல்லுவா அண்ணா" என்று தடுத்தேன். என் நாக்கு நுனியிலும் அந்தப் பேர் துடித்தது, கடித்துக்கொண்டேன். கண்டக்டர் மெஷினைப் பிடித்தபடி காத்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

"பனச்சமூடு. ஒரு ஃபுல், ஒரு ஹாஃப்."

நீங்கள் தந்துவிட்டுப் போன பொறுமை என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அப்பா. அதோடு இந்த டிக்கெட்டும் இருக்கட்டும். ஆயுசு முழுக்க வெள்ளறடைக்கு டிக்கெட் எடுத்துப் பனச்சமூட்டில் இறங்கினீர்கள். உங்கள் பேத்தி பனச்சமூட்டுக்கே டிக்கெட் எடுத்து, பனச்சமூட்டில் இறங்கினாள்.