மச்சானுக்கு ஊற்றிய நன்னாரி

அன்பு மச்சான் சாமுவேல்,

நீ போன பிறகு இது முதல் மே மாதம். ஆம்பூர் வெயிலே உன்னைத் தேடி மாடிக்கு வந்து போகிறது என்று எழுதினால், "ஆரம்பிச்சுட்டான்யா" என்று சிரிப்பாய். எட்டாவதோடு நின்றவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

எங்கள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. ஐஸ் பாரைக் கோணியில் சுற்றி சைக்கிளில் கட்டி வந்து உலக்கையால் நொறுக்கின காலம் போயே போச்சு. நொறுக்க ஆசையும் போச்சு.

ஐஸ் காக்டெயிலை இந்தத் தோல் ஊருக்குக் கொண்டுவந்தவன் நான்தான். நான் வேலை பார்க்கிற கம்பெனியில் தோல் வாங்க வந்த ஜெர்மன்காரர் என் தோளில் கைபோட்டு, பொடித்த ஐஸில் ரம்மும் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து காட்டினார். கிளாஸ் விளிம்பில் உப்பு தடவச் சொன்னார். முதல் வருஷம் அவசரத்தில் நான் தடவியது தோலுக்குப் போடுகிற உப்பு! பச்சைத்தோல் நாற்றம் தாங்காமல், சனிக்கிழமை தவறாமல் கூடுகிற நம்ம கூட்டாளிகள் எல்லோரும் மாடியை விட்டு இறங்கி ஓடினார்கள். நீ மட்டும் முழுக் கிளாஸையும் குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி மச்சான்" என்றாய். அப்படி ஒரு ஆளை இனி எங்கே தேடுவேன்?

அப்புறம் போன வருஷம் கோடை தொடங்கும்போது வேலூர் டாக்டர் உன் ஈரலைப் பற்றிச் சொன்னார், இனி ஒரு சொட்டுகூடக் கூடாதென்று. தங்கச்சி ரோஸி என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். நீயோ அடுத்த சனிக்கிழமை சாயங்காலமே மாடியில் வந்து உட்கார்ந்தாய். "எனக்கு மட்டும் இல்லைன்னு சொல்லிடாதே" என்றாய். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கீழே போய், உன் கிளாஸில் ரம்முக்குப் பதிலாக நன்னாரி சர்பத்தை ஊற்றினேன். நிறம் அச்சு அசல். ஐஸில் நாக்கு மரத்துப்போனால் எவனுக்குத் தெரியும்?

அந்தக் கோடை முழுக்க உனக்கு நன்னாரிதான். நீ கண் சொருகிப் பாட்டுப் பாடினாய். மச்சான் ஊத்துறதுதான் சரக்கு என்று தெரு முழுக்கச் சொன்னாய். நான் சும்மா இருந்தேனா? மிலிட்டரி ரம், அதுவும் டபுள் என்று கேட்டவனிடமெல்லாம் அளந்தேன்.

ஜூலையில் நீ போய்விட்டாய். அடக்கத்துக்கு வந்த இடத்திலேயே பேச்சு கிளம்பியது, மச்சான்காரன் ஊத்தியே கொன்னுட்டான் என்று. நன்னாரி என்றேன். இதுவும் உன் கதைதானா என்றார்கள். சாட்சி நீ ஒருத்தன்தான். நீயும் அதை ரம் என்றே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். ரோஸி என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கண்ணெதிரே ஐஸை நொறுக்கி, எலுமிச்சை பிழிந்து, நன்னாரி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கா அவரு பாட்டுப் பாடினாரு?"

"ஆமாம்மா."

"இன்னிக்கு நன்னாரிதான்ணா. அன்னிக்கு இன்னா ஊத்தினே?"

அவள் கேட்டதில் தப்பில்லை. உண்மையைக்கூடக் கதைக்குள் கலந்தே பழகினவன் நான். ஆனால் அவள் கிளாஸைக் கீழே வைக்கவில்லை மச்சான். மீதியையும் மெதுவாகக் குடித்து முடித்தாள்.

அது நன்னாரி என்று உனக்குத் தெரிந்திருந்ததா? எனக்காகத்தான் பாடினாயா?

இனி எல்லா ஞாயிறும் அவள் வீட்டுக்குப் போவேன். நன்னாரி, எலுமிச்சை, ஐஸ், அவ்வளவுதான் ஊற்றினேன் என்று சொல்லிவிட்டு வருவேன். அவள் நம்புகிற நாள்வரைக்கும் அதில் ஒரு சொல் கூட்ட மாட்டேன்.

ரோஸியின் அண்ணன்,
உன் மச்சான் அருள்தாஸ்