மூன்றாவதாக வந்தாள் என்று எழுதினேன்

புதன்கிழமை, சாயங்காலம்

அன்புத் தங்கச்சிக்கு,

உன் அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் மகள் வாலுவும் வந்து சேர்ந்து நாலு நாளாகிறது. இரண்டு பேரும் முழுசாக இருக்கிறோம், பல் உட்பட.

போனில் பேசினால் உனக்குக் கேட்காது. போனில் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவதற்கு எனக்குப் பொறுமை கிடையாது. நீ தறி ஷெட்டில் இருபது வருஷம் நின்று காதைக் கொடுத்தாய், நான் சுவருக்குச் சுவர் பெயின்ட் அடித்து, பெயர்ப் பலகை எழுதி, கையெழுத்தைச் சம்பாதித்தேன். அதனால் நான் பேனாவில் எழுதிக் கொடுப்பேன், வாலு அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். இதுதான் ஏற்பாடு.

விமானத்தில் எனக்கு ஜன்னல் ஓரம். ஓட்டுகிறவரே வந்து கை கொடுத்திருப்பார், கூட்டம் அதிகம், அவருக்கு வேலை. இறங்கின இடத்தில் அதிகாரி ஒருத்தர் எங்களைத் தனியாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். எல்லாரையும் அப்படி உட்காரவைப்பதில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

மலை என்றால் வாலு சைக்கிள் ஓட்டிப் பழகின கல்குவாரி மேடு மாதிரி நினைத்துக்கொள்ளாதே. அதை நூறு தடவை அடுக்கினாலும் இதன் முழங்கால் வரைக்கும் வராது. இந்தப் பந்தயத்தில் ஏறுகிற வேலையே கிடையாது. ரோப் காரில் சைக்கிளை மாட்டி, ஆளை உள்ளே உட்காரவைத்து, உச்சியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து ஒவ்வொருத்தராக இறங்க வேண்டும். வழியெல்லாம் மரத்து வேர், பாறை, சேறு. மூன்றரை நிமிஷத்தில் கீழே வந்துவிடுகிறார்கள். மாப்பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டு. பஸ் ஓட்டுகிறவர், இறக்கத்தில் பிரேக்கை விடுகிற காரியத்தை எப்படி ஒப்புவார். கிளம்புகிற அன்றைக்கு, பொண்ணோட எலும்பைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவாங்க என்று என்னைப் பார்த்துச் சொன்னார் இல்லையா, அதற்கு இந்தக் கடிதம்தான் என் பதில்.

மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கூடாரம், ஆளுக்கு மூன்று மெக்கானிக். நான் என்ன செய்தேன், சாமான்களோடு மடித்துக் கொண்டுவந்த பெயின்ட் வேலைத் துணியை இரண்டு குப்பைத் தொட்டிக்கு நடுவில் இழுத்துக் கட்டினேன். மஞ்சளும் நீலமுமாகப் பொட்டுப் பொட்டாக எத்தனை வீட்டுச் சுவர் அதில் இருக்கிறது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று படம் எடுக்கிறார்கள். இந்த மைதானத்திலேயே அப்படி ஒரு கூடாரம் வேறு யாரிடமும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை தகுதிச் சுற்று. பெண் பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். அதில் முதல் முப்பது பேர்தான் ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி ஓட்டலாம். இங்கே ஒரு கோச் இருக்கிறார், கழுத்து நீளமாக, நடையும் அப்படியே. நான் அவருக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்துவிட்டேன். இறுதிக்கு வருகிற பிள்ளைகளில் ஒருத்தியைப் பொறுக்கி இரண்டு வருஷம் தன்னோடு வைத்துப் பழக்குவாராம். வாலுவுக்கு அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும். அதனால் இந்த வெள்ளிக்கிழமைதான் எல்லாம்.

இன்றைக்குப் பழகுகிற ஓட்டத்திலும் நேரம் குறித்தார்கள். நாற்பத்தொரு பேரில் நம் வாலு மூன்றாவது. ஒட்டகம் தொப்பியைக் கழற்றிவிட்டார். பாதையின் நடுவில் பெரிய பள்ளம் ஒன்று வருகிறது. அதை ஒரே தாவாகத் தாவினால் ஆறு வினாடி மிச்சம். தாவ வேண்டாம் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே சுற்றுப்பாதை போட்டிருக்கிறார்கள். ஒட்டகம் வாலுவைக் கூப்பிட்டு நீ சுற்றியே போ என்று கையால் காட்டினார். நன்றாக வருகிற பிள்ளையைப் பத்திரப்படுத்துகிறார், அனுபவஸ்தர்.

கொஞ்சம் குறைவாகத்தான் சாப்பிடுகிறாள். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் தோல் வழன்றிருக்கிறது, நான் மருந்து போட்டுக் கட்டிவிட்டேன். மற்றப் பிள்ளைகளோடு பேசுவதில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

உன் மகள் பெரிய இடத்துக்குப் போவாள், நீ பார்க்கத்தான் போகிறாய்.

இப்படிக்கு, மலையை வென்ற பிள்ளையின் மாமன்,
உன் அண்ணன்

இன்னொன்று. படம் எடுக்கச் சொல்லி இதைக் கொடுத்தேன். மூன்றாவது என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அம்மா சந்தோஷப்படட்டும், அனுப்பு என்றேன். கூச்சப்படுகிறாள். உன்னை மாதிரி.


சனிக்கிழமை, மத்தியானம்

அன்புத் தங்கச்சிக்கு,

உன் பதில் வியாழக்கிழமையே வந்துவிட்டது. என் கடிதத்தை ஷெட்டில் கணக்கெழுதுகிற பெண் பெரிய தாளில் அச்செடுத்துக் கொடுத்து, நீங்கள் அதை வாசல் பலகையில் ஒட்டினீர்களாமே. மாப்பிள்ளை அதில் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார் என்று எழுதியிருந்தாய். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நடத்துநரிடம் எடுத்துக் காட்டினாராம். வாலு அதை நாலு தடவை படித்தாள்.

இங்கே மழை. சுற்றைத் தள்ளி வைத்துவிட்டார்கள். வாலுவுக்குக் கால் லேசாகப் பிசகியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, படுத்திருக்கிறாள். அவள் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, அதனால் இரண்டு நாளைக்கு முகம் காட்டச் சொல்லிக் கேட்காதே. இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புவது இங்கே வேலை பார்க்கிற ஒரு நல்ல பெண். உன் நம்பரை நான்தான் அவள் கையில் எழுதிக் கொடுத்தேன்.

நாங்கள் இடம் மாறிவிட்டோம். முன்னைவிட நல்ல அறை. ஜன்னல் பெரிசு. தலைமாட்டில் ஒரு மணி இருக்கிறது, அமுக்கினால் ஆட்கள் ஓடி வருகிறார்கள். சுவர்தான் சரியில்லை. வெளிர்பச்சை அடித்திருக்கிறார்கள், இரண்டாம் கோட்டு அடிக்காமலே விட்டிருக்கிறார்கள், மூலையில் பழைய வெள்ளை தெரிகிறது. காலையிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதிகம் எழுத வரவில்லை. பேனா சரியில்லை.

எல்லாரும் நன்றாக இருங்கள்.

உன் அண்ணன்


திங்கட்கிழமை, காலை

தங்கச்சி,

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு இதைப் படி. இரண்டு பேரும் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கடிதத்தைப் பிடித்த படத்தின் ஓரத்தில் தெரிகிற இரும்புக் கம்பி எந்தக் கட்டிலுடையது என்று கேட்டு எழுதியிருந்தாய். அது ஆஸ்பத்திரிக் கட்டில். உன் காதைத்தான் தறி தின்றது, கண்ணை ஒன்றும் செய்யவில்லை என்பதை நான் மறந்துவிட்டேன்.

நேற்று வாலு நன்றாகக் கண் திறந்து பேசினாள். முதலில் தண்ணீர் கேட்டாள். அப்புறம், அம்மாவுக்கு எழுதினீங்களா என்றாள். எழுதினேன் என்றேன். என்ன எழுதினீங்க என்றாள். கால் பிசகு என்று எழுதினதைச் சொன்னேன். சரியா எழுதுங்க மாமா என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதனால் சரியாக எழுதுகிறேன். எனக்கு இது பழக்கமில்லை. தப்பாக வந்தால் அடித்துவிட்டு எழுதுவேன். அடித்தலைப் பார்த்துப் பயப்படாதே, அதற்குக் கீழே நான் வழக்கமாக எழுதுகிறதுதான் இருக்கும்.

புதன்கிழமை அவள் மூன்றாவது வரவில்லை. முப்பத்தேழாவது. ஒட்டகம் தொப்பியைக் கழற்றவில்லை, அவர் தொப்பியே போடுவதில்லை. இந்தப் பிள்ளைகள் நடக்கப் பழகின நாளிலிருந்து இந்த மலையில் உருளுகிறவர்கள். நம் பிள்ளை குவாரி மேட்டில் வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டினவள். இந்தப் பள்ளம் உனக்கு ஆகாது, சுற்றிப் போ, பத்திரமாக இறங்கு, அது போதும் என்றுதான் ஒட்டகம் சொன்னார். அவளும் சரி என்று தலையாட்டினாள். புதன்கிழமை வரைக்கும் அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் மாமா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீ ஷெட்டில் ஒட்டினதாக எழுதின கடிதம் வியாழக்கிழமை வந்தது. அதிலிருந்து அவள் பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே, சுற்றிப் போனா முப்பதுக்குள்ள வர முடியுமா மாமா என்று கேட்டாள். மூணாவதா வந்தவ பேசற பேச்சா இது என்றேன். சிரிக்கவைக்கத்தான் சொன்னேன். எனக்கே அது நடந்த விஷயம் மாதிரி ஆகிவிட்டிருந்தது தங்கச்சி, நாலு பேரிடம் சொல்லிவிட்டேன் அல்லவா. அவள் சிரிக்கவில்லை. நாடாவை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினாள்.

மழை பெய்யவில்லை. சுற்றைத் தள்ளியும் வைக்கவில்லை. நான் சுற்றுப்பாதை வளைவில் போய் நின்றுகொண்டேன். அங்கே எல்லாரும் மெதுவாக வருவார்கள், அவளை நன்றாகப் படம் எடுக்கலாம் என்று. பத்து ஐம்பதுக்கு மேலேயிருந்து அவள் நம்பரைச் சொன்னார்கள். அவள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். டயர் சத்தம் வந்தது. எனக்கு முன்னால் வரவில்லை, பக்கத்தில் போனது. திரும்பினேன். அதற்குள் அவள் பள்ளத்துக்கு மேலே இருந்தாள். ரொம்ப அழகாக இருந்தாள் என்று எழுதினால் நீ நம்புவாயா தெரியவில்லை, ஆனால் இது நான் கட்டினது இல்லை. முன்சக்கரம் அந்தக் கரையைத் தொடவில்லை. ஒரு முழம் குறைந்தது. ஒரு முழம் என்பது நான் அளந்தது இல்லை. குறைந்தது.

ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். வேறு சமயமாக இருந்தால் அதற்கே நான் நாலு பக்கம் எழுதியிருப்பேன். என்னை அதில் ஏற்றவில்லை. ஒட்டகம்தான் தன் வண்டியில் கூட்டிப் போனார், இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

முதுகெலும்பு நடுவில் உடைந்திருக்கிறது. ஏழு மணி நேரம் ஆபரேஷன் செய்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள், இது நிஜம். கை இரண்டும் நன்றாக இருக்கின்றன, இதுவும் நிஜம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. எத்தனை மாசத்தில் நடப்பாள் என்று டாக்டரிடம் கேட்டேன், மொழி தெரிந்த ஒருத்தரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று தடவை கேட்டேன். ஈரச் சுவரைப் பார்த்துக்கூட நாங்கள் காயட்டும், பார்க்கலாம் என்று சொல்வோம். அவர் அதுகூடச் சொல்லவில்லை. நடக்க மாட்டாள் என்றார்.

அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. ஆனால் நேற்று போர்வைக்குள் கையை விட்டுத் தொடையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாப்பிள்ளை அன்றைக்குச் சொன்னதை நினைத்து நான் அவரை என்னென்னவோ பேசியிருக்கிறேன். அவர் என்னை என்ன செய்ய நினைக்கிறாரோ செய்யட்டும். இப்போது வேண்டாம், அப்புறம். நீயும் என்னை என்ன வேண்டுமானாலும் கேள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், சொல்ல ஆரம்பித்தால் வேறு ஏதாவது வந்துவிடும்.

உனக்குப் பாஸ்போர்ட் கிடையாது என்று தெரியும். இங்கே நம் ஆட்களுக்கு உதவுகிற அலுவலகத்தில் விசாரித்தேன். அவசரம் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு போனாலும் அங்கே மூன்று வாரமாவது ஆகும், அதற்கு மேல் இந்த நாட்டு அனுமதிக்குத் தனியாக நிற்க வேண்டும், கிடைக்காமலும் போகலாம் என்றார்கள். அந்தக் காகிதத்தையும் இதோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதைப் பாஸ்போர்ட் ஆபீஸுக்குக் கொண்டுபோய் நில். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் முடியாது என்றுதான் சொல்வான். உனக்குக் கேட்காது. அவன் உதட்டைப் பார்க்காதே. காகிதத்தை நீட்டிக்கொண்டே நில்.

இன்றைக்குக் காலையில் வாலு என்னிடம், அம்மா எப்ப வருவாங்க என்று கேட்டாள். இருக்கிறதை இருக்கிறபடி சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. அவள் முகத்தைப் பார்த்தேன். அம்மா கிளம்பிட்டா, பாதி தூரம் வந்துட்டா என்று சொல்லிவிட்டேன். எந்த விமானம் என்று கேட்டாள். அதற்கும் ஒரு பெயர் சொன்னேன். அதிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாராவது தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் கண் அங்கே போகிறது, நர்ஸ் என்று தெரிந்ததும் மூடிக்கொள்கிறாள்.

இத்தனை வருஷம் நான் வாயால் கட்டினது எல்லாம் இடிந்து போகட்டும். இந்த ஒன்றை மட்டும் நிஜமாக்கிவிடு தங்கச்சி. எழுந்திரு. இதைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பு.

உன் அண்ணன்