நான் நிரப்பிய கட்டம்

ஈரப் பசையின் வாசனை அறை முழுக்க நிற்கிறது. எதிர்வீட்டு அம்மா தன் மகளின் பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் போட்டோவை ஒட்டி, அது காய்வதற்குள் என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் மதியத்திலிருந்தே அலறிக்கொண்டு போகின்றன. "இவளக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறா. நாளைக்குக் கடைசி நாளு. நல்ல குரூப்பா பாத்து நீயே எழுதிடும்மா," என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினார். அந்தப் பெண் இங்கேதான், என் ஆறு வயது மகளோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

நம் தெருவில் இன்னும் அதே வழக்கம்தான். கையெழுத்து அழகாக இருக்கிறவள் எல்லோருடைய விண்ணப்பத்தையும் நிரப்ப வேண்டும். நாம் இருவரும் பத்தாவது முடித்த அந்தக் கோடையில் உன் விண்ணப்பமும் என் கைக்குத்தான் வந்தது.

"நர்சிங்குனு எழுதுடி," என்றாய்.

"மார்க் கம்மியா வாங்குனவளுங்க போற குரூப்புடி அது. நீ ஏன் அங்க போய் உக்காரணும்?"

அது நான் சொன்ன காரணம். உண்மைக் காரணம் வேறு: நீ இல்லாத வகுப்பில் தனியாக உட்கார எனக்குப் பயம். கணக்கும் உயிரியலும் உள்ள முதல் குரூப்பை எனக்கு எழுதியது போலவே உனக்கும் எழுதினேன். உன் நைனா படித்துக்கூடப் பார்க்கவில்லை. "இந்தப் பொண்ணு எழுதினா சரியாத்தான் இருக்கும்," என்று கையெழுத்துப் போட்டார். நீ அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரி, உன் பக்கத்துலயாவது இருப்பேன்," என்றாய். கூட்டம் அதிகமென்று முதல் வாரமே வகுப்பை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் போட்டார்கள்.

உனக்கு எது வரும் என்பது எனக்குத் தெரியாததில்லை. எட்டாவதில் பள்ளியிலிருந்து ராஜகிரி மலைக்கோட்டைக்குக் கூட்டிப்போனபோது ஒருத்தி பாறையில் சறுக்கி முழங்கால் கிழிந்து ரத்தம் கொட்டியது. நாங்கள் எல்லோரும் அலறினோம். நீ மட்டும் உன் ரிப்பனை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாய். "கத்தாதீங்கடி, அவ பயப்படுறா."

பிளஸ் டூவில் கணக்கு உன்னைக் கவிழ்த்தது. மறுபடி எழுத விடாமல் அவலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். நான் காலேஜுக்குப் போனேன்.

பிறகு இருவரும் ஒரே சமயத்தில் உண்டாகியிருந்தபோது ஒரு நாள் போன் செய்தாய். "கால் வீங்கி செருப்பே ஏறலடி. தலை வேற விண்ணு விண்ணுனு வலிக்குது."

"எனக்கும்தான் வீங்குது. வா, ரெண்டு பேரும் வீட்டுக்காரர் செருப்பத் தூக்கிடலாம்," என்றேன். சிரித்தோம். நான்காம் நாள் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே வலிப்பு வந்து நீயும் போனாய், வயிற்றில் இருந்ததும் போனது. அடுத்த வாரம் என் காலை அழுத்திப் பார்த்த நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "தலை வலிக்குதா?" வீக்கத்தோடு தலைவலியும் சேர்ந்தால் ஆபத்தாம். அந்தக் கேள்வி உன் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது. எத்தனை பேரிடமோ நீ கேட்டிருக்க வேண்டியது.

சற்றுமுன் இந்தப் பெண்ணிடம், "உனக்கு என்ன படிக்க ஆசை?" என்று கேட்டேன்.

"என் ஃப்ரெண்டு எதுல சேர்றாளோ அதுலயே எழுதுங்கக்கா."

"நானும் அக்கா குரூப்பு!" என்று என் மகள் கையைத் தூக்கினாள். சத்தம் போட வாயெடுத்துவிட்டேன். நல்லவேளை, உன் குரல் முந்திக்கொண்டது. கத்தாமல் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைப் பற்றிச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அம்மா திட்டுவாங்களேக்கா," என்றாள் மெதுவாக. அவள் மனதுக்குள் தனக்கென்று ஏதோ ஒரு படிப்பு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. "அம்மாகிட்ட நான் பேசுறேன்," என்று பேனாவை அவளிடமே கொடுத்தேன்.

இருட்டிக்கொண்டு வருகிறது. விடிந்தால் அவள் அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுவார். பசை காய்ந்துவிட்டது. பேனா முனையை அந்தக் கட்டத்தின்மேல் வைத்தபடி அவள் இன்னும் என் முகத்தையே பார்க்கிறாள். நான் நிமிரவில்லை. சும்மா இருந்தால் என் கை அங்கே போய்விடும். அதனால்தான் இதை உனக்கு எழுதிக்கொண்டே இருக்கிறேன்.