வெயிலைத் தேடிப் போன கற்றாழை

செவ்வாய், இரவு. குன்னூர்.

ஈரேழு உலகத்திலும் எவரும் நம்பப்போகாத ஒரு வரலாற்றைச் சத்தியம் செய்து எழுதுகிறேன்.

வீட்டுச் செடி வளர்க்கத் தெரியாதவர்களுக்காக அக்கா மகள் நித்யா கோயமுத்தூரில் ஒரு ஆப் வடிவமைக்கிறாள். சோதித்துப் பார்க்க எனக்கும் ஒரு கற்றாழைத் தொட்டி கொடுத்தாள். காலையானால் போன் மணியடித்து, "செடியை வெயிலில் வையுங்கள்" என்று ஆணையிடும். இந்த மூடுபனியில் சூரியனைக் கண்டவர்கள் போன யுகத்திலேயே காலமாகிவிட்டார்கள். கற்றாழை வேரோடு அழுகிக் கூழாகிவிட்டது.

இன்று நித்யா கூப்பிட்டாள். "மாமா, எல்லாரும் ஆப்பை அழிச்சுட்டாங்க. உங்க செடியும் போச்சுன்னா நானும் இதை விட்டுடறனுங்க. உசுரோட இருக்குதுங்களா?"

"இருக்குதாவா? வளந்து கூரையைப் பிச்சுட்டுப் போயிருச்சு கண்ணு! மடியில வெச்சு பஸ்ஸுல மேட்டுப்பாளையம் கூட்டிட்டுப் போனன். சூரியனே எந்திரிச்சு நின்னு வணக்கம் வெச்சுது!"

எப்போதும் சிரிப்பவள் சிரிக்கவில்லை. "செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்க மாமா."

சொன்னவள் போனை வைத்துவிட்டாள்.

கூரை பொய். வணக்கமும் பொய். வெயில் தேடி, தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் போனது மட்டும் நிஜம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது அங்கேயும் மழை பிடித்துக்கொண்டது.