பின்சக்கரத்து நட்டுகள்

10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

காலையில் காரின் பின்சக்கர நட்டுகளை முறுக்கினேன். மகன் ரூபேந்திரன் கோபித்துக்கொண்டு சிங்கப்பூருக்குத் திரும்பி இன்றோடு எட்டு வாரம். போன்கூட இல்லை. அவன் கார் மட்டும் இங்கே மலேசியாவில், மாசாய் வீட்டில், என்னோடு.

சண்டை எதற்கு? பின்சக்கரத்துக்கு உள்ளே தடித்த அலுமினிய வளையம் ஒன்றை வைத்து — ஸ்பேசராம் — சக்கரத்தை வெளியே தள்ளியிருந்தான். “அழகா இருக்குல்ல பா?” என்றான். அவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண் ஷாமளா பக்கத்தில் நின்றிருந்தாள். “சக்கரம் கழண்டு ரோட்டுல ஓடும்ல, அப்பத் தெரியும்டா அழகு, மடையா!” என்று தாமானில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அவள் எதிரில் சொல்லியிருக்க வேண்டாம். இந்த வாய் இருக்கிறதே!

24 ஆகஸ்ட், ஞாயிறு

சந்தைக்கு அந்தக் காரைத்தான் எடுத்துப் போகிறேன். வந்ததும் நட்டு முறுக்கினேன். ஸ்பேனரில் ஓரடிக் குழாயைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற பலம் முழுவதையும் கொடுத்து. முப்பது வருசம் பாசீர் கூடாங் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கை இது. ஒரு நட்டு அசையாது. நான் இருக்கிறவரைக்கும் அவன் சக்கரம் கழலாது.

7 செப்டம்பர், ஞாயிறு

முறுக்கினேன். மீன் வாங்கி வந்தேன். ஒரு ஆளுக்கு எத்தனை மீன் வேண்டும்? பாதியைப் பூனைக்குப் போட்டேன்.

16 செப்டம்பர், செவ்வாய்

இங்கே மலேசியா தின விடுமுறை. சிங்கப்பூரில் அவனுக்கு லீவு கிடையாது. தெரிந்தும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

மெசேஜ் வந்தது! தீபாவளிக்கு முதல் நாள் வருகிறானாம். மறுநாள் ஷாமளாவைக் கூட்டிக்கொண்டு பாலோவில் அவள் பெற்றோர் வீட்டுக்குக் காரில் போவானாம். “காடி ரெடியா இருக்கட்டும் பா.” பா என்று போட்டிருக்கிறான். நாலு தடவை படித்தேன்.

பாலோ நூறு கிலோமீட்டருக்கு மேல். நட்டுகளை இன்னும் கொஞ்சம் இறுக்கி வைத்தேன்.

6 அக்டோபர், திங்கள்

காரை ஹைவேயில் ஓட்டிப் பார்த்தேன். தொண்ணூறைத் தொட்டதும் பின்பக்கம் கிடுகிடு என்று ஆடியது. ஓரம்கட்டி, பிறகு ஊர்ந்து ஊர்ந்து மெக்கானிக் சுகுமாறன் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவன் ஸ்பேனரை வைத்து லேசாகத் திருப்பினான். சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஸ்பேசர் போல்ட் ஒன்று நட்டோடு முறிந்து கையில் வந்தது. மற்றவை நடுவில் மெலிந்திருந்தன.

“அலமாக்! யாருண்ணே இப்படி முறுக்குனது? இதுக்கு ஒரு அளவு இருக்குலா. அதுக்கு மேல போனா போல்ட்டு இழுத்துக்கிட்டு அறுந்துரும்.”

சக்கரத்தைக் கழற்றினான். ஸ்பேசரைக் காரோடு பிடித்துவைக்க உள்ளே தனியாக நாலு நட்டுகள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நாலும் விரலுக்கே சுற்றின.

“ஸ்பேசர் நல்ல சாமான்தாண்ணே. ஆனா மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடுனதும் சக்கரத்தக் கழட்டி உள் நட்டப் பார்க்கணும். பையன் பார்க்கலயா?”

வந்திருந்தால் பார்த்திருப்பான். ‘அடுத்த வாரம் வந்து கழட்டிப் பார்க்கணும்’ என்று அன்றைக்கு ஷாமளாவிடம் சொல்லிக்கொண்டிருந்தானே. நான்தானே வரவிடாமல் செய்தேன்?

“தெரியல தம்பி,” என்றேன். முறுக்கியது யார் என்பதற்கும் அதே பதில். ஸ்பேசரை எடுத்துவிட்டுப் பழையபடி மாட்டச் சொன்னேன். நல்லவேளை, காரின் சொந்த போல்ட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

8 அக்டோபர், புதன்

முறிந்த போல்ட்டைப் படம் எடுத்து ரூபேந்திரனுக்கு அனுப்பினேன். ஏன் முறிந்தது என்று எழுதவில்லை. உடனே கூப்பிட்டான். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள்!

“நீங்க சொன்னதுதான் சரி பா. ஷாமளாவ ஏத்திக்கிட்டுப் போயிருந்தா… என் தப்புதான் பா. மன்னிச்சிருங்க.”

“பரவால்லடா,” என்றேன். பரவால்லடாவாம்! பெரிய தர்மப்பிரபு நான்!

11 அக்டோபர், சனி

தினமும் கூப்பிடுகிறான். “சாப்டீங்களா பா?” என்கிறான். எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் இந்தப் போனும் நின்றுவிடும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அந்தப் பிள்ளை செய்யாத தப்புக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். நான் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இல்லையா உனக்கு?

12 அக்டோபர், ஞாயிறு

சொல்லிவிட்டேன். குழாய், ஞாயிற்றுக்கிழமைகள், சுகுமாறனிடம் சொன்ன பொய், எல்லாம்.

“ஏன் பா அப்படி முறுக்குனீங்க?”

“உனக்கு ஒண்ணும் ஆகிறக்கூடாதுன்னுதான்டா.”

“வேல இருக்கு பா,” என்று வைத்துவிட்டான்.

15 அக்டோபர், புதன்

போன் இல்லை.

18 அக்டோபர், சனி

இல்லை. நானும் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

20 அக்டோபர், திங்கள். தீபாவளி

நேற்று சாயங்காலம் வந்தான். போல்ட்டைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

காலையில் எழுந்து பார்த்தால் அடுக்களையில் துண்டைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். அவன் அம்மா இருந்தவரை அவள்தான் அவன் தலையில் எண்ணெய் வைப்பாள். அவள் போன பிறகு மூன்று தீபாவளியும் அவனே தேய்த்துக்கொண்டான். நானும் கேட்டதில்லை.

உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தேன்.

“மெதுவா பா.”

கையைத் தளர்த்தினேன். “வலிக்குதாடா?”

“இல்ல. தேய்ங்க.”